‘எழுதியாயிற்று’ என்று சொல்லும்முன்

ஒரு நிரல் கோப்பை எழுதி மூடுகிறது. குளோஸ் அழைப்புக்குப் பூச்சியம் திரும்பி வருகிறது. பிழையில்லை என்று அர்த்தம். அந்தப் பூச்சியத்தை நம்பித்தான் ஒருவர் கேமராவின் மெமரி கார்டைத் துடைக்கிறார், ஒருவர் மடிக்கணினியை மூடிக்கொண்டு ரயிலேறுகிறார், ஒருவர் பழைய சர்வரின் வட்டை அழித்து விற்றுவிடுகிறார். கீழே ஓடுவது எக்ஸ்ட்4 கோப்பு முறைமையா, நீங்கள் எழுதிய ஃபியூஸ் டீமனா என்பது அவர்களுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய கடமையும் அவர்களுக்கு இல்லை. வாக்குக் கொடுத்தவர் நீங்கள். காப்பாற்ற வேண்டியவரும் நீங்கள்தான்.

கர்னலுக்கு வெளியே, பயனர் வெளியில் ஃபியூஸைக் கொண்டு கோப்பு முறைமை எழுதுகிறவர்களுக்கும், அதை எடுத்து அலுவலகங்களில் மவுன்ட் செய்து கொடுக்கிற நிர்வாகிகளுக்கும் இதை இப்போதே சொல்லியாக வேண்டும். 2011-ல் லினஸ் டார்வால்ட்ஸ், பயனர் வெளிக் கோப்பு முறைமைகள் பொம்மைக்கு மேல் எதற்காவது உதவும் என்று நினைப்பது தவறு என்கிற தொனியில் பேசினார். அன்று அதற்கு மறுப்பு எழுந்தது. இன்று மறுக்கவே தேவையில்லை. ஆண்ட்ராய்டு 11-ல் கூகுள் பழைய எஸ்டிகார்டுஎஃப்எஸ்ஸைக் கைவிட்டு, ஃபோனின் பொதுச் சேமிப்பிடத்தை ஃபியூஸ் வழியே கொண்டுவந்தது. கிளவுடில் உள்ள பக்கெட் ஒரு சாதாரணக் கோப்புறைபோல லினக்ஸில் தெரிவதும் பெரும்பாலும் இதன் தயவில்தான். பொம்மையில் நடந்த தவறு என்று சொல்லித் தப்பிக்கிற காலம் போய்விட்டது.

வாக்கை மீறும் சபலம் எங்கிருந்து தொடங்குகிறது என்பதைப் பார்ப்போம். மிக்லோஸ் செரெடி எழுதிய ஃபியூஸ், 2005-ல் லினக்ஸ் 2.6.14-ல் சேர்ந்தது. செயலி கர்னலைக் கேட்கும். கர்னல் அந்தக் கோரிக்கையை வரிசையில் போட்டு உங்கள் டீமனை எழுப்பும். டீமன் விடை தேடிக் கர்னலிடம் கொடுக்கும். கர்னல் தூங்கிக்கொண்டிருக்கும் செயலியை எழுப்பி விடையை ஒப்படைக்கும். ஒரு கோப்பின் அளவைக் கேட்டாலும், கர்னலின் கையில் விடை இல்லாவிட்டால், இந்தச் சுற்று முழுதாக நடந்தாக வேண்டும். கிட் ஸ்டேட்டஸ் என்று ஒரு வரி அடித்தால் போதும், களஞ்சியத்தில் உள்ள ஒவ்வொரு கோப்பின் நிலையும் விசாரிக்கப்படும். வாங்கூர், தாராசோவ், சாடோக் ஆகிய மூவரும் 2017-ல் ஃபாஸ்ட் மாநாட்டில் வெளியிட்ட ஆய்வில், சில வேலைகளில் ஃபியூஸால் வரும் இழப்பு கண்ணுக்கே தெரியவில்லை. வேறு சிலவற்றில், எல்லா மேம்பாடுகளையும் செய்த பிறகும், வேகம் 83 சதவீதம்வரை விழுந்தது. சிபியு செலவு 31 சதவீதம்வரை கூடியது.

‘மெதுவாக இருக்கிறது’ என்று முதல் புகார் வந்ததும் கை தானாகவே கேஷை நோக்கிப் போகும். டைம்அவுட்டை ஏற்று, ரைட்பேக்கைத் திற, டீமனுக்குள்ளே இன்னொரு கேஷை வை. வரைபடம் உயரும், கூட்டத்தில் கைதட்டல் கிடைக்கும். எதை விற்று அந்த வேகத்தை வாங்கினீர்கள் என்று அங்கே யாரும் கேட்பதில்லை. நீங்களாவது கேட்டுக்கொள்ளுங்கள்.

கேஷே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் முதலில் பொய் கலக்காத வேகத்தைத் தேடுங்கள். அது நிறையவே இருக்கிறது. பழைய ஃபியூஸ் ஒரு சுற்றில் 4 கிலோபைட்தான் எழுதும். பின்னால் அது 128 கிலோபைட்டாக உயர்ந்தது, லினக்ஸ் 4.20 முதல் 1 மெகாபைட்வரை கேட்டு வாங்கலாம். 1 ஜிகாபைட் கோப்பை 4 கிலோபைட்டாக எழுதினால் 2,62,144 சுற்று. 1 மெகாபைட்டாக எழுதினால் 1,024 சுற்று. இந்த லாபத்தில் யாரும் ஏமாறவில்லை. கோப்புறையைப் பட்டியலிடும்போதே ஒவ்வொரு கோப்பின் விவரத்தையும் சேர்த்து அனுப்பும் ரீட்டிர்பிளஸ் இருக்கிறது. பின்னணிக் கோரிக்கைகளின் உச்சவரம்பு இயல்பாக 12 தான். தொலைவில் உள்ள சேமிப்பகத்துக்கு அது மிகவும் குறைவு, ஏற்றிப் பாருங்கள். தரவு உள்ளூர் வட்டிலேயே இருக்கிறதென்றால், 2024-ல் வந்த லினக்ஸ் 6.9-இன் பாஸ்த்ரூ வசதி, வாசிப்பையும் எழுத்தையும் டீமனுக்கு வராமலே அடியில் உள்ள கோப்புக்கு நேராகக் கொண்டுபோகும். 6.14-ல் ஐஓயூரிங் வழியாகக் கர்னலோடு பேசும் வழியும் திறந்துவிட்டது. இவற்றில் ஒன்றைக்கூடத் தொடாமல் டைம்அவுட்டை ஒரு மணி நேரத்துக்கு ஏற்றுவது சோம்பேறித்தனம். அதற்கு மேம்பாடு என்று பெயர் வைக்காதீர்கள்.

அதன் பிறகு கேஷுக்கு வாருங்கள். அங்கே இரண்டு வகை உண்டு, இரண்டையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. வாசிப்புப் பக்கத்துக் கேஷ் பழைய செய்தியைச் சொல்லும். எழுத்துப் பக்கத்துக் கேஷ் நடக்காததை நடந்துவிட்டதாகச் சொல்லும்.

பழைய செய்திக்கு வரம்பு கட்டலாம். லிப்ஃபியூஸ் நூலகத்தில் பெயருக்கும் பண்புகளுக்கும் இயல்பான ஆயுள் ஒரு வினாடி. எஸ்எஸ்எச்எஃப்எஸ் 20 வினாடி வைத்துக்கொள்ளும். ஜிசிஎஸ்ஃபியூஸ் 60 வினாடி. ஆர்குளோன் மவுன்ட் கோப்புறைப் பட்டியலை 5 நிமிடம் பிடித்துவைக்கும். இவை எல்லாம் ஆவணத்தில் எழுதியே இருக்கின்றன. படித்துவிட்டுப் பயன்படுத்துகிறவருக்கு ஏமாற்றமில்லை. தவறு எங்கே நடக்கிறதென்றால், அந்த எண்ணை யாருக்கும் சொல்லாமல் ஏற்றும் இடத்தில். ஒரு கணினியில் மூலநிரலைத் திருத்துகிறார்கள், இன்னொரு கணினியில் மேக் (make) என்ற கட்டுமானக் கருவி ஓடுகிறது. மேக் நேரமுத்திரையைப் பார்த்துத்தான் எதைத் திரும்பக் கட்டுவது என்று முடிவெடுக்கும். நீங்கள் பழைய முத்திரையைக் காட்டினால், ‘கட்ட ஒன்றுமில்லை’ என்று அது நம்பிக்கையோடு சொல்லும். திருத்திய பிழை திருந்தாமலே சர்வருக்குப் போகும். இல்லாத கோப்பு இல்லை என்பதை நினைவில் வைக்கும் எதிர்மறைக் கேஷ் இன்னும் மோசம்: வந்துசேர்ந்துவிட்ட கோப்பையும் இல்லை என்று சாதிக்கும். லிப்ஃபியூஸ் அதன் ஆயுளை இயல்பாகப் பூச்சியத்தில் வைத்திருப்பதற்குக் காரணம் இருக்கிறது. அதை மாற்றுவதற்கு உங்களுக்கும் ஒரு காரணம் வேண்டும்.

அனுமதிகளும் பண்புகளோடுதான் கேஷில் கிடக்கின்றன என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அனுமதிச் சோதனையைக் கர்னலிடம் விட்டுவிட்டு, பண்புகளின் ஆயுளை ஒரு மணி நேரமாக்கினால், வேலையிலிருந்து நீக்கப்பட்டவரின் உரிமையைச் சர்வரில் பறித்த பிறகும் இங்கே அந்தக் கதவு ஒரு மணி நேரம் திறந்திருக்கும். வேகம் கேட்டவர் இதற்கா சம்மதித்தார்?

பின்னால் உள்ள சேமிப்பகத்தால் சொல்ல முடிகிற மாற்றத்தை நீங்கள் கேட்டு வாங்கிக் கர்னலுக்குச் சொல்லுங்கள். இது 1980-களிலேயே கற்ற பாடம். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் உருவான ஏஎஃப்எஸ், முதல் வடிவத்தில் ஒவ்வொரு முறை கோப்பைத் திறக்கும்போதும் ‘என்னிடம் உள்ள பிரதி இன்னும் செல்லுமா’ என்று சர்வரைக் கேட்டது. சர்வர்களின் உழைப்பில் பெரும்பங்கு இந்த விசாரிப்புக்கே போனது. அடுத்த வடிவத்தில் அதைத் திருப்பிப்போட்டார்கள்: மாறினால் நானே சொல்கிறேன் என்று சர்வர் வாக்குக் கொடுத்தது. வேகமும் கிடைத்தது, உண்மையும் கெடவில்லை. ஃபியூஸிலும் அதற்கு வழி உண்டு. இந்த ஐநோடு செல்லாது, இந்தப் பெயர் செல்லாது என்று டீமனே கர்னலுக்கு அறிவிக்கலாம். ஒரு கோரிக்கையைக் கையாளும் பாதையிலேயே அதே கோப்புக்கு அறிவிப்பை அனுப்பினால் இரண்டும் ஒன்றையொன்று எதிர்பார்த்து முட்டிக்கொண்டு நிற்கும். தனி நூலிழையிலிருந்து அனுப்புங்கள். இந்தச் சின்னச் சிரமத்துக்குப் பயந்து பலர் அறிவிப்பையே விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள்.

கேஷுக்குப் பயந்து நடுங்குவதும் ஒழுக்கம் ஆகாது என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். மாறவே மாறாத தரவுக்கு டைம்அவுட்டைப் பூச்சியமாக வைப்பவர் பிறருடைய நேரத்தையும் மின்சாரத்தையும் வீணடிக்கிறார். செர்ன் ஆய்வகத்தில் பிறந்த செர்ன்விஎம்-எஃப்எஸ் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பெரும் ஹாட்ரான் மோதுவிப்பான் சோதனைகளுக்கான மென்பொருளை உலகெங்கும் உள்ள கணினி மையங்களுக்குக் கொண்டுசேர்க்கும் ஃபியூஸ் முறைமை அது. வாசிக்க மட்டும்தான் முடியும். ஒவ்வொரு கோப்பையும் அதன் உள்ளடக்கத்தின் ஹாஷை வைத்தே தேடி எடுக்கும். உள்ளடக்கம் மாறினால் ஹாஷும் மாறிவிடும் என்பதால், கேஷில் இருக்கும் துண்டு பழையதாகப்போகும் பேச்சே இல்லை. மாறக்கூடிய ஒன்றே ஒன்றை, அதாவது எந்தப் பட்டியல் இப்போது நடப்பில் இருக்கிறது என்பதை மட்டும், சில நிமிடங்களுக்கு ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளும். எதை நம்பலாம், எதை நம்பக் கூடாது என்று பிரித்துவைத்த பிறகு தாராளமாகக் கேஷ் செய்கிறார்கள். முறை அதுதான்.

இனி எழுத்துப் பக்கம்.

‘எக்ஸ்ட்4-லும் குளோஸ் எதையும் உறுதி செய்வதில்லையே, எஃப்சிங்க் அழைத்தால்தானே வட்டுக்குப் போகும்?’ என்று விவரம் தெரிந்தவர்கள் கேட்பார்கள். சரியான கேள்வி. ஆனால் அங்கே தரவு அதே கணினியின் நினைவகத்தில், அதே கர்னலின் பொறுப்பில், சில பத்து வினாடிகளுக்குள் வட்டுக்கு இறங்கிவிடுகிற தொலைவில் இருக்கிறது. உங்கள் தரவோ ஒரு நெட்வொர்க்கைத் தாண்டி, ஒரு ஒதுக்கீட்டு வரம்பைத் தாண்டி, காலாவதியாகக்கூடிய ஒரு சாவியைத் தாண்டிப் போயாக வேண்டும். இடமில்லை, அனுமதியில்லை, இணைப்பில்லை என்று செயலியிடம் சொல்லக் கிடைக்கும் கடைசி வாய்ப்பு குளோஸ்தான். என்எஃப்எஸ் கோப்பை மூடும்போது தேங்கியதையெல்லாம் சர்வருக்குத் தள்ளுவது அதனால்தான். அந்த வாய்ப்பைத் தவறவிட்டால் பிழை போய்ச் சேரும் இடம் யாரும் திறந்து பார்க்காத ஒரு லாக் கோப்பு.

ஃபியூஸில் கோப்பை மூடும் நேரத்தில் உங்கள் டீமனுக்கு இரண்டு அழைப்புகள் வரும்: ஃப்ளஷ், ரிலீஸ். ஃப்ளஷ் திருப்பும் பிழை குளோஸுக்குப் போய்ச் சேரும். ரிலீஸ் திருப்பும் பிழையைக் கர்னல் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. குளோஸ் அதற்கு முன்பே திரும்பியிருக்கக்கூடும். இது தெரிந்தும், பதிவேற்றத்தை ரிலீஸில் கொண்டுபோய் வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். வைத்தால் காப்பி பறக்கிறது, உண்மைதான். பணம் பெட்டிக்குள் விழும் முன்பே ரசீது கிழித்துக் கொடுக்கிற கணக்குப்பிள்ளையிடமும் வரிசை வேகமாகத்தான் நகரும். ஒரே கோப்புக்கு ஃப்ளஷ் பலமுறை வரலாம், ஒவ்வொரு முறையும் ஏற்றுவது வீண் என்று சாக்குச் சொல்லாதீர்கள். கடைசியாக ஏற்றிய பிறகு ஏதாவது மாறியதா என்று ஒரு குறி வைத்துக்கொள்ளுங்கள். மாறவில்லை என்றால் உடனே திரும்புங்கள். அவ்வளவுதான் வேலை.

இதைவிடப் பெரிய குற்றம், எழுதாத வரியில் ஒளிந்திருக்கிறது. உங்கள் டீமனில் எஃப்சிங்க்குக்கு நீங்கள் எதுவுமே எழுதவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் அழைப்புக்கு ‘அப்படியொரு வசதி இல்லை’ என்ற இநோசிஸ் பிழை போகும். கர்னல் அதை வெற்றியாக எடுத்துக்கொள்ளும். அதற்குப் பிறகு எந்த எஃப்சிங்க்கும் உங்களை வந்தடையாது; எல்லாமே வெற்றி. பணப் பரிவர்த்தனையைப் பதிந்துவிட்டு எஃப்சிங்க் அழைத்த ஒரு தரவுத்தளத்துக்கு, ‘பத்திரமாக இறங்கிவிட்டது’ என்று நீங்கள் ஒரு வார்த்தை பேசாமலே சத்தியம் செய்துவிட்டீர்கள். பூட்டும் இதே கதைதான். பூட்டுக்கான அழைப்புகளை நீங்கள் எழுதாவிட்டால் கர்னல் உள்ளூரிலேயே பூட்டிக் கொடுத்துவிடும். இரண்டு கணினிகள் ஒரே பக்கெட்டை மவுன்ட் செய்திருந்தால் இரண்டுக்கும் ‘பூட்டு உன்னுடையது’ என்ற பதில் கிடைக்கும். இரண்டும் ஒரே கோப்பில் தைரியமாக எழுதும். இன்றே உங்கள் செயல்பாட்டு அட்டவணையைத் திறந்து, காலியாக விட்ட ஒவ்வோர் இடமும் வெளியுலகுக்கு என்ன பதில் சொல்கிறது என்று பாருங்கள்.

2014-ல் லினக்ஸ் 3.15-ல் வந்த ரைட்பேக் கேஷைப் பற்றியும் ஒரு வார்த்தை. சின்னச் சின்ன எழுத்துகளைக் கர்னலே சேர்த்துப் பெரிதாக்கி அனுப்பும், நல்ல கருவி. ஆனால் அதைத் திறந்ததும் கோப்பின் அளவுக்கும் மாற்ற நேரத்துக்கும் கர்னலே அதிகாரியாகிவிடும். வேறொரு கணினி அதே கோப்பை நீட்டியிருந்தாலும் இங்கே பழைய அளவுதான் செல்லும். கோப்பின் இறுதியில் சேர்த்து எழுதும் லாக் கோப்புகளில் ஒருவர் எழுதியதன் மேல் இன்னொருவர் எழுதிவிடுவார். எழுதுகிறவர் இந்தக் கணினி ஒன்றுதான் என்று உறுதியாகத் தெரிந்தால் திறவுங்கள். தெரியாவிட்டால் மூடிவையுங்கள். பெஞ்ச்மார்க்கில் நன்றாக வருகிறது என்பது தெரிந்ததாக ஆகாது.

தள்ளிப்போடுவதென்றால் வெளிப்படையாகத் தள்ளிப்போடுங்கள். ஆர்குளோனில் எழுத்துக் கேஷைத் திறந்தால், கோப்பை மூடிய பிறகு இயல்பாக 5 வினாடி காத்திருந்துதான் பதிவேற்றத்தையே தொடங்கும். அதை ஆவணத்தில் சொல்லியிருக்கிறார்கள். நடுவில் நின்றுபோனால், அதே அமைப்புகளோடு திரும்ப ஓட்டும்போது மீதியை ஏற்றிவிடுவதாகவும் சொல்லியிருக்கிறார்கள். பயனர் ஏற்றுக்கொள்ளலாம், வேண்டாம் என்றும் சொல்லலாம். இன்னொரு பக்கம், அமேசான் 2023-ல் வெளியிட்ட மவுன்ட்பாயின்ட், பொதுவகை பக்கெட்டுகளில் இருக்கிற கோப்பின் நடுவே எழுத விடாது, பெயர் மாற்றவும் விடாது. நேராகப் பிழையைக் கொடுத்துவிடும். வசதிக்குறைவு என்று முணுமுணுக்கிறார்கள். எனக்கு அது மரியாதையாகப் படுகிறது. பொருள் சேமிப்பகத்தில் பெயர்மாற்றம் என்பது பெரும்பாலும் நகலெடுத்துப் பழையதை அழிப்பது. ஆயிரம் கோப்புள்ள ஒரு கோப்புறையை மாற்றினால் ஆயிரம் நகல். நடுவில் அறுந்தால் பாதி இங்கே, பாதி அங்கே. தற்காலிகக் கோப்பில் எழுதிப் பெயரை மாற்றினால் பத்திரம் என்று நம்பும் எத்தனையோ நிரல்களிடம் அந்தப் பாதிப் பெயர்மாற்றத்தை முழுதென்று நீட்டுவதைவிட, முடியாது என்று சொல்வது மேல்.

பிழையை ஒருமுறை சொல்லிவிட்டால் கடமை முடிந்தது என்றும் நினைக்காதீர்கள். 2018-ல் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளக் குழுவினர் அதிர்ந்துபோனது இதில்தான். லினக்ஸில் எஃப்சிங்க் ஒருமுறை தோற்றுவிட்டு, மறுமுறை அழைத்தால் வெற்றி என்று திரும்பியது. இடையில் இறங்காமல்போன பக்கங்கள் சுத்தமானவை என்று குறிக்கப்பட்டுவிட்டன. அதற்குப் பிறகு எஃப்சிங்க் தோற்றால் உடனே நின்று, பதிவேட்டிலிருந்து மீண்டெழும்படி போஸ்ட்கிரெஸை மாற்றினார்கள். உங்கள் டீமனில் பதிவேற்றம் தோற்றால் அந்தக் கோப்பை இறங்காதது என்றே வைத்திருங்கள். அடுத்த எஃப்சிங்க்குக்கும் பிழையைச் சொல்லுங்கள், அதற்கு அடுத்ததற்கும் சொல்லுங்கள். உண்மையிலேயே போய்ச் சேரும்வரை வெற்றி என்ற சொல் உங்கள் வாயிலிருந்து வரக் கூடாது.

பெஞ்ச்மார்க் எண்களை வெளியிடுகிறவர்களே, உங்களுக்கும்தான். எஃப்சிங்க் இல்லாமல் அளந்த எழுத்து வேகம் உங்கள் நினைவகத்தின் வேகம். கர்னலின் கேஷைக் காலி செய்துவிட்டு அளந்தோம் என்கிறீர்கள். டீமன் தன் நினைவகத்திலும் உள்ளூர் வட்டிலும் வைத்திருக்கும் கேஷ் அந்தக் கட்டளைக்கு அசையாது. குளிர்ந்த கேஷில் எவ்வளவு, சூடான கேஷில் எவ்வளவு, டைம்அவுட் என்ன, ரைட்பேக் திறந்ததா மூடியதா என்று நான்கையும் அட்டவணையிலேயே போடுங்கள். போட வெட்கமாக இருந்தால் அந்த அட்டவணையையே போடாதீர்கள்.

நிர்வாகிகளே, எங்கோ பார்த்த ‘வேகமாகும்’ அமைப்புகளை அப்படியே ஒட்டாதீர்கள். பக்கெட் மவுன்டின் மேல் தரவுத்தளக் கோப்பை வைக்காதீர்கள். வால் (WAL) முறையில் ஓடும் எஸ்க்யூலைட், பயன்படுத்தும் எல்லாச் செயலிகளும் ஒரே கணினியில் இருக்க வேண்டும் என்று கேட்கிறது. நெட்வொர்க் கோப்பு முறைமையில் அது செல்லாது என்று அதன் ஆவணமே சொல்கிறது.

அடுத்த வெளியீட்டுக்குக் காத்திருக்காதீர்கள். இந்த வாரமே உங்கள் கோப்பு முறைமையை வதைத்துப் பாருங்கள். எழுதிக்கொண்டிருக்கும்போதே டீமனைக் கொல்லுங்கள். பதிவேற்றத்தின் நடுவில் நெட்வொர்க்கை அறுங்கள். ஒதுக்கீட்டைக் கோப்பின் அளவைவிடக் குறைத்துவையுங்கள். இரண்டு கணினிகளிலிருந்து ஒரே கோப்பைப் பூட்டி எழுதுங்கள். ஒவ்வொரு முறையும் செயலிக்குப் போன பதிலையும் தொலைவில் உண்மையில் இருப்பதையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். பொருந்தாத இடத்தைத் திருத்துங்கள். திருத்த முடியாததை ரீட்மீயின் முதல் பக்கத்தில், யாருக்கும் புரிகிற மொழியில் எழுதுங்கள். இதை முடிக்கும்வரை ரைட்பேக்கை இயல்பாகத் திறந்துவிட்ட எந்தப் பதிப்பையும் வெளியே அனுப்பாதீர்கள்.